பாக்குறவனுக்கு ஒரு வேல

அவள் தானாகத்தான் போனாள். மெஷின் வந்து அனுப்பவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள்.

பேர் சொல்லமாட்டேன். சொன்னால் புசல்லாவையிலிருந்து பஸ் ஏறி வந்து திட்டுவாள்.

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் முதலாளிக்கு வாசனைச் சரக்குப் பெட்டி அடைக்கிற இடம். மேல்மாடியில் ஒரு நீள மேசை. மேசையில் ஆறு பெண்கள். கடைசியில் நான், சீல் அடிக்கிறவன். வெளிநாட்டுக்காரர் ஊருக்கு வாங்கிப் போகிற பரிசுப் பெட்டிதான் முக்கிய வேலை. பெட்டிக்குள் ஐந்து குழி, குழிக்கு ஒரு பாக்கெட். கறுவா, கராம்பு, ஏலக்காய், சாதிக்காய், மிளகு. கறுவாக் குச்சிகளைச் சிவப்பு நூலால் கட்ட வேண்டும். தலை போன கராம்பைப் பொறுக்கி எறிய வேண்டும். நிரப்பிய பெட்டி மேசை வழியாக என்னிடம் வரும். நான் உறை போட்டு, மெஷினைக் காலால் மிதித்துச் சீல் அடிப்பேன். எனக்கு இடது கால் சரியில்லை. மூட்டை தூக்க இனி யாரும் கூப்பிடமாட்டார்கள். இந்தச் சீல் வேலையை விட்டால் எனக்கு வேறு வேலை இல்லை.

அவள் எனக்கு அடுத்த ஆள். நாற்பது வயது இருக்கும். பக்கத்தில் அறை எடுத்து இருந்தாள். சனிக்கிழமை ஊருக்குப் போவாள். திங்கட்கிழமை காலையில் மேசை முழுவதற்கும் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொண்டு வருவாள்.

யாராவது பார்த்தால் ஒரு மாதிரி, பார்க்காவிட்டால் வேறு மாதிரி வேலை செய்வது உலக வழக்கம். அவளும் அப்படித்தான். ஆனால் தலைகீழ். ஆள் பார்த்தால் மெதுவாகச் செய்வாள். ஆள் போனால் பறப்பாள்.

படியில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்கும். அவள் கை உடனே மாறும். ஒரே ஒரு கராம்பை எடுப்பாள். வெளிச்சத்துக்குப் பிடிப்பாள். டொக்டர் எக்ஸ்ரே படம் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். முதலாளி நின்று ரசிப்பார்.

"வேல செய்றதுண்டா இப்பிடிச் செய்யணும். பாத்துப் படிச்சுக்கோங்க," என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு இறங்குவார்.

மற்ற ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். செருப்புச் சத்தம் கீழே போய்ச் சேரும். நான் குனிந்து ஓர் உறையை எடுத்து நிமிர்வதற்குள் என் முன்னால் மூன்று பெட்டி கிடக்கும்.

கூரையில் ஒரு கமரா இருந்தது. இடி விழுந்த நாளிலிருந்து அதன் சிவப்பு விளக்கு எரியவில்லை. பழுது என்று முதலாளியே சொன்னார். அதனால் அதற்கு யாரும் பயப்படவில்லை. அவளும்.

"ஏன் புள்ள இப்படி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாக்குறவனுக்கு ஒரு வேல, பெட்டிக்கு ஒரு வேல அண்ணே. ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சா ரெண்டும் கெட்டுப்போகும்."

அவ்வளவு வேகம் இருந்தும் நாள் முடிவில் அவள் பெட்டி மற்றவர்களுடையதைவிட ஒன்றுகூட அதிகம் இருக்காது. தன் கணக்கு முடிந்ததும் மிச்சப் பெட்டிகளைப் பக்கத்து ஆளின் பக்கம் தள்ளிவிடுவாள். பக்கத்தில் இருந்தவளுக்கு விரல் வீக்கம். அவளும் ஒன்றும் கேட்கமாட்டாள். இவளும் ஒன்றும் சொல்லமாட்டாள். நான் சீல் அடிக்கிறவன். எனக்கென்ன.

ஒரு தரம் வெள்ளைக்கார வியாபாரி ஒருவர் வந்தார். எங்கள் பெட்டியைத் தன் நாட்டில் விற்கிறவர். நேரே அவள் பக்கத்தில் வந்து நின்றார். சோதனை. அவள் ஒரு பெட்டி நிரப்பினாள். ஒன்றேயொன்று. கறுவாவுக்குக் கட்டிய நூலை அவிழ்த்து இரண்டாம் தரம் கட்டினாள். சாதிக்காயைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். மூடியைச் சாத்தப்போய், நிறுத்தி, ஒரு மிளகை எடுத்துவிட்டு வேறொரு மிளகை வைத்தாள். முதலாளிக்கு வியர்த்துவிட்டது. வெள்ளைக்காரர் கண் இமைக்கவில்லை. கடைசியில் முதலாளியின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அவர் போன பிறகு முதலாளி மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தார்.

"கையால செஞ்ச சாமானெண்டு பெட்டியில அச்சடிக்கட்டாம். வெலயும் கூட்டித் தாராராம். ஓடரும் கூட்டித் தாராராம்."

எல்லாருக்கும் பட்டிஸ் வந்தது. அவள் பட்டிஸைக் கடித்துக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"மெதுவாச் செஞ்சா வெல கூடுது அண்ணே. வேகமாச் செஞ்சா ஆள் கொறையுது."

அதன் காரணத்தை ஒரு தரம்தான் சொன்னாள். மழை. கரண்ட் போய்விட்டது. என் மெஷின் நின்றது. சும்மா உட்கார்ந்திருந்தோம்.

"கல்யாணமான புதுசுல தேயிலை மலையில கொழுந்து எடுக்கப் போனேன். கை வேகம். தொரை பாத்தாரு. கங்காணிகிட்ட என்னையக் காட்டி நல்லாப் பேசினாரு. எனக்குப் பெரும தாங்கல. அடுத்த மாசம் மலை முழுக்க, ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கிலோவக் கூட்டிட்டாங்க. அந்தப் புள்ளைக்கு முடியுது, ஒங்களுக்கு என்னான்னு கேட்டாங்க. முடியாத பொம்பளைகளுக்கு அரைப்பேர்."

அரைப்பேர் என்றால், நாள் முழுக்க மலையில் நின்றாலும் பதிவில் பாதி நாள்தான் விழும்.

"என் மாமியாருக்கும் அரைப்பேர். ஒரு மாசம் எனக்குத் தேத்தண்ணி ஊத்தல," என்று சிரித்தாள். "அன்னையிலருந்து பாக்குற கண்ணுக்கு என் கையக் காட்டுறதில்ல."

கரண்ட் வந்தது. செருப்புச் சத்தமும் வந்தது. அவள் ஒரு கராம்பை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

வெள்ளைக்காரர் ஓடரைக் கூட்டினார். அதுதான் வினை. ஆறு பேரால் முடியவில்லை. புது ஆள் தேடினால் பொம்பளைகள் எல்லாம் குவைத்துக்குப் போயிருந்தார்கள். முதலாளி இரண்டு மாதம் அலைந்தார். பிறகு ஒருநாள் கொழும்பிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். ஐம்பதை நெருங்கியவர். கண்ணாடி, தொந்தி, முதுகில் ஒரு பை. படியேறி வந்ததும் மூச்சு வாங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதலாளி எங்களை நிற்க வைத்துப் பேசினார்.

"மறைக்க ஒண்டுமில்ல. இவங்கட கம்பனியில ஏ.ஐ. கை ஈக்கிது. மனிசன் செய்றதப் பாத்துப் படிக்கும். படிச்சு முடியும் வரைக்கும் காசில்ல. மூணு மாசமெண்டு செல்றாங்க. படிச்சா ரெண்டு கையும் ரெண்டு ஆளும் போதும். மத்தவங்களுக்கு ரெண்டு மாசச் சம்பளம் தருவன். நான் ஹராமா ஒண்டும் செய்யமாட்டன்."

"எந்த ரெண்டு ஆளு முதலாளி?" என்று விரல் வீங்கினவள் கேட்டாள்.

"கைக்குப் படிப்பிச்சுக் குடுக்கிறவங்க நிப்பாங்க. அது இவங்கதான்." அவளைக் காட்டினார். "மத்த ஆளப் பொறவு பாப்பம்."

"சீல்?" என்று கேட்டேன்.

"சீலும் அதுவே அடிக்குமாம்," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் மாட்டேன் என்று சொல்லுவாள் என்று பார்த்தோம். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு, "எப்பத் தொடங்கணும் சேர்?" என்று கேட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் கொண்டு வந்த ரொட்டியை யாரும் தொடவில்லை. நானும் எடுக்கவில்லை. பசிதான். இருந்தும் எடுக்கவில்லை. அவள் பொட்டலத்தைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்த யாழ்ப்பாணத்து மனிதரிடம் கொண்டுபோய் வைத்தாள். அவர் நான்கு தின்றார்.

அவளுக்குத் தனி மேசை போட்டார்கள். நெற்றியில் பட்டி கட்டி அதில் ஒரு கமரா. கையில் புள்ளி புள்ளியாகக் கறுப்பு உறை. தலைக்கு மேலே இன்னொரு கமரா.

"தங்கச்சி, நீங்கள் வழமையாச் செய்யிற மாதிரியே செய்யுங்கோ. கமரா இருக்கெண்டு நினைக்க வேண்டாம்," என்றார் அவர்.

"நெனைக்கலைங்க சேர்."

மூன்று கிழமை. கலியாண வீட்டுக்குச் சீர்வரிசை அடுக்குவதுபோல அடைத்தாள். கராம்பை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். ஏலக்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். மிளகை ஊதினாள். ஒவ்வொரு பாக்கெட்டையும் இரண்டு தட்டுத் தட்டினாள். மூடுவதற்கு முன் பெட்டியை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி மணந்தாள். நாங்கள் தூரத்திலிருந்து பார்த்தோம். எங்களை விற்றுவிட்டு என்ன அலங்காரம் என்று ஒருத்தி சொன்னாள். எனக்கும் அதே எண்ணம்தான்.

அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "இவ்வளவு பொறுப்பாச் செய்யிற ஆளை நான் காணேல்லை," என்று முதலாளியிடம் சொன்னார். ஒன்றிலும் பிந்துகிற ஆள் இல்லை அவர். சோறு தின்னும்போதும் கணினியைத் தட்டுவார். மூன்று மாத வேலையை மூன்று கிழமையில் முடித்துவிட்டேன் என்று கொழும்புக்குப் போன் பேசினார்.

கை வந்தது. சாம்பல் நிறம். ஆளின் உயரத்துக்கு ஒரு கம்பம், அதில் முழங்கை, மணிக்கட்டு, மூன்று விரல். முதலாளி வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டு வந்திருந்தார். எங்களையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். யாழ்ப்பாணத்து மனிதர் ஒரு பொத்தானை அமத்தினார்.

கை கராம்புப் பாத்திரத்துக்குப் போனது. ஒரு கராம்பை எடுத்தது. வெளிச்சத்துக்குப் பிடித்தது. இந்தப் பக்கம் திருப்பியது. அந்தப் பக்கம் திருப்பியது. யோசிப்பதுபோல நின்றது. பிறகு பாக்கெட்டில் போட்டது. அடுத்த கராம்புக்குப் போனது.

முதலாளி கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

பாக்கெட்டை இரண்டு தட்டுத் தட்டியது. ஏலக்காயை எடுத்துக் காது இல்லாத இடத்தில் ஆட்டியது. கறுவாவுக்கு நூல் கட்டியது. அவிழ்த்தது. கட்டியது. முதலாளி தேத்தண்ணி கேட்டார். தேத்தண்ணி வந்தது. ஆறியும் போனது. கடைசியில் கை பெட்டியை மெதுவாக மேலே தூக்கியது. கம்பத்தின் உச்சிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது.

"இது என்னத்தச் செய்யுது?" என்று முதலாளி கேட்டார்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மணந்து பாக்குது."

"மூக்கில்லாத சாமான் மணந்து பாத்து என்னத்தக் கண்டுபுடிக்கப் போகுது?"

"தங்கச்சி செய்தமாதிரியே செய்யுது முதலாளி. ஒரு பிழையும் இல்லை."

விரல் வீங்கினவளுக்குத்தான் முதலில் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு படிப் பக்கம் ஓடினாள். பிறகு மற்றவர்கள். நான் குனிந்து என் மெஷினைத் துடைத்தேன். வட்டிலப்பத்தை யாரும் வெட்டவில்லை. முதலாளி அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அவள் சிரிக்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்ல புள்ள. சொன்னதக் கேக்குது," என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை ரொட்டி போதவில்லை.

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே அக்கா," என்று ஒருத்தி கேட்டாள்.

"என்னாத்தச் சொல்ல? எனக்குத் தெரிஞ்ச மாதிரிதானே செஞ்சேன்," என்றாள்.

நான் மூன்று ரொட்டி எடுத்தேன். என்னைப் பார்த்தாள். சம்பலைத் தள்ளி வைத்தாள். அது போதும்.

அதோடு முடிந்தது என்று இருந்தோம். முடியவில்லை. அந்த யாழ்ப்பாணத்து மனிதர் மடையன் இல்லை. புதன்கிழமை மத்தியானம் வந்தார். முதலாளி பள்ளிக்குத் தொழப் போயிருந்தார். மற்றவர்கள் கீழே. அவளும் நானும்தான் மேலே சோறு தின்றுகொண்டிருந்தோம். அவர் கணினியைத் திறந்து அவள் முன்னால் வைத்தார்.

"இது ஆர் தங்கச்சி?"

திரையில் எங்கள் மேசை. மேலேயிருந்து எடுத்த படம். ஓர் ஆளின் கை தெரியவில்லை, அவ்வளவு வேகம். பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வந்து நின்றன. பக்கத்தில் உறை போட முடியாமல் ஒருவன் திணறிக்கொண்டிருந்தான். அது நான்.

கூரைக் கமரா. விளக்குத்தான் செத்திருந்தது. கண் சாகவில்லை. வயர் இழுக்கும்போது அவர் கண்டுபிடித்திருக்கிறார். ஒன்றரை வருடப் படம் உள்ளே கிடந்திருக்கிறது.

அவள் விரலில் சோறு காய்ந்தது.

"இதைக் குடுத்துப் படிப்பிச்சால் ரெண்டு கிழமையில கை பறக்கும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"முதலாளி பார்த்துட்டாரா?" என்று நான் கேட்டேன்.

"இல்லை அண்ணை. பின்னேரம் காட்ட வேணும்."

அவள் எழுந்துபோய்க் கை கழுவினாள். வந்து உட்கார்ந்தாள். கெஞ்சுவாள் என்று நினைத்தேன்.

"இந்த வேலைக்கு ஒங்களுக்கு எத்தன நாள் குடுத்தாங்க சேர்?"

"மூண்டு மாசம்."

"மூணு கிழமையில முடிச்சிட்டீங்க."

"ஓம்."

"பாத்தவங்க என்னா சொன்னாங்க?"

"நல்லது எண்டாங்கள். அடுத்த வேலைக்கு மூண்டு கிழமைதான் தந்தவங்கள்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"நாங்கள் பதினொரு பேர் இருந்தம். இப்ப நாங்கள் புரோகிராம் எழுதிற வேலையையும் ஏ.ஐ. செய்யுது. போன மாசம் நாலு பேரை நிப்பாட்டிப் போட்டாங்கள். மிச்ச ஆக்கள் இன்னும் கெதியாச் செய்யிறம். கெதியாச் செய்தால் வச்சிருப்பாங்கள் எண்டு."

"நாங்களும் மலையில அப்படித்தான் நெனைச்சோம்," என்றாள்.

கீழே பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. திரையில் அவள் கை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கணினியை மூடினார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"உந்தக் கமரா பழுது எண்டு முதலாளி சொன்னவர்."

"ஆமாங்க. பழுதுதான்."

"ஓம். பழுதுதான்."

ரொட்டி இருக்கிறதா என்று கேட்டார். திங்கட்கிழமைதான் என்றாள்.

அதற்குப் பிறகு அவர் மாதம் ஒரு தரம் வந்தார். கையின் ஆணியைக் கழற்றுவார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். திரும்பப் பூட்டுவார். முதலாளி பக்கத்தில் நின்றால் இரண்டு ஆணி கழற்றுவார். எப்போது படித்து முடியும் என்று முதலாளி கேட்பார். கறுவா நூல் கொஞ்சம் கஷ்டமான பாடம் என்பார். காசு கேட்காத சாமான் என்பதால் முதலாளியும் அதைத் திருப்பி அனுப்பவில்லை.

அவள் ஒரு வருடம் கழித்துப் போனாள். ஊரில் ரோட்டோரத் தேயிலைக் கடையில் இடம் கிடைத்தது. வீட்டிலிருந்து நடந்தே போய் வரலாம். போகிற அன்று எல்லாரிடமும் சொன்னாள். கைக்குப் பக்கத்திலும் போய் நின்று, "வேகத்தக் கூட்டிராத, என்னா," என்றாள்.

அவள் இடத்துக்கு முதலாளி ஆள் எடுக்கவில்லை. "கைதான் ஈக்கிதே," என்றார். கையைத் தூக்கி எனக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஏழு பேரில் ஒரு பேர் அப்படிக் குறைந்தது. யாரையும் நிறுத்தவில்லை. ஆனால் குறைந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் அந்த யாழ்ப்பாணத்து மனிதர் என் காதருகே சொன்னார். "அண்ணை, நான் ஒண்டும் செய்யேல்லை. இது இப்ப தானாப் படிக்குது." எனக்கும் தெரிந்தது. மணந்து பார்க்கும் நேரம் குறைந்திருந்தது. ஒரு தட்டுத்தான் தட்டியது. கராம்பைத் திருப்பிப் பார்ப்பதை ஒருநாள் அப்படியே விட்டுவிட்டது.

அதன் பெட்டிகளை எண்ணிச் சொல்வது என் பொறுப்பு. பின்னேரம் போகும்போது முதலாளி கேட்பார். நேற்றும் கேட்டார்.

"இண்டைக்கு எத்தின?"

"பதினொன்று முதலாளி."

"நேத்துப் பத்து. படிக்குது, என்ன?"

"படிக்குது முதலாளி."

சந்தோஷமாகப் படியிறங்கிப் போனார். கை பதினாறு செய்திருந்தது. மிச்ச ஐந்தும் மேசைக்குக் கீழே, சாக்கால் மூடிக் கிடந்தன.